அறுபத்தெட்டு வயதில் ஒரு மூப்பர்

'பிரஸ்பிட்டேரியன்' என்ற பெயரின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'பிரஸ்பிட்டெரோஸ்' என்றால் மூத்தவர். தமிழ் வேதாகமத்தில் அதற்கு 'மூப்பர்' என்ற சொல் வழங்குகிறது. பேராயர் என்று ஒருவர் மேலே இல்லாமல், சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் திருச்சபை என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். ஸ்காட்லாந்தில் வேர்விட்டு, குடியேறியவர்களோடு கடல்கடந்து அமெரிக்காவுக்குப் போன மரபு அது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்த ஓடைகளில் பிரஸ்பிட்டேரியன் ஓடையும் ஒன்று. நான் பிறந்து வளர்ந்த சபையில் குருவானவரை இன்றும் அலுவல் மொழியில் 'பிரஸ்பிட்டர்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள்.

தேர்தல், கூட்டம், பெரும்பான்மை என்று கேட்பதற்கு மிகவும் ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. யாரெல்லாம் மூப்பர் ஆகலாம் என்று கேட்கும்போதுதான் கதை மாறுகிறது. அமெரிக்காவின் மிகப் பெரிய பிரஸ்பிட்டேரியன் திருச்சபை பெண்களை மூப்பர்களாக ஏற்க 1930 வரை ஆனது. அதற்கு அடுத்த ஆண்டு, 1931இல், அலாஸ்கா-வடமேற்கு சினாடில் முதன்முறையாக ஒரு பெண் மூப்பராக அபிஷேகம் பெற்றார். அவர் பெயர் டில்லி பால். திலிங்கித் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு வயது 68.

இந்த எண்தான் என்னை நிறுத்தியது. 68 வயதில் பொறுப்பு கொடுக்கிறார்கள் என்றால், அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகள் அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தார்? அதைத் தேடிப் படிக்கத் தொடங்கி, ரேங்கல் என்ற சின்னஞ்சிறிய ஊரின் தேவாலய வரலாற்றுக்குள் போய்ச் சேர்ந்தேன்.

ரேங்கல் தென்கிழக்கு அலாஸ்காவில் ஒரு தீவின் வடமுனையில், ஸ்டிக்கீன் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருக்கிறது. இன்றும் அங்கே ஏறக்குறைய 2,100 பேர்தான் வசிக்கிறார்கள். ரஷ்யர்கள் 1834இல் அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். 1840இல் அது பிரிட்டனின் ஹட்சன் பே கம்பெனியின் கைக்குப் போனது. 1867இல் அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை ரஷ்யாவிடமிருந்து வாங்கியது. விற்றவரும் வாங்கியவரும் அங்கே காலங்காலமாக வாழ்ந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமெரிக்க வரலாற்று நூல்கள் இப்படிப்பட்ட ஊர்களை 'எல்லைப்புறம்' என்று எழுதும். வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் அது எல்லை. திலிங்கித் பெண்ணுக்கு அது பெர்ரிப் பழம் பறிக்கிற காடு, சால்மன் மீன் உலர்த்துகிற கரை, தாய்வீடு.

அந்த வீட்டின் மீது குண்டு விழுந்த கதையோடுதான் இந்தத் தேவாலயத்தின் கதையும் தொடங்கியாக வேண்டும். 1869ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிய ஒரு மோதலின் முடிவில், அமெரிக்க ராணுவம் அங்கிருந்த திலிங்கித் கிராமத்தைப் பீரங்கியால் சுட்டது. வியாபாரி ஒருவரைக் கொன்ற திலிங்கித் மனிதரை ஒப்படைக்கும்வரை சுட்டார்கள். ஒப்படைத்த பிறகு அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முன்பே அவருடைய மகனைப் படைவீரர்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள், வியாபாரியின் கொலை அதற்குப் பழி என்பதெல்லாம் தண்டனைக் கணக்கில் வரவில்லை. இதற்காக ராணுவம் மன்னிப்புக் கேட்டது 2025 ஜனவரியில். எட்டு ஆண்டுகள் கழித்து, 1877இல், ராணுவம் அலாஸ்காவை விட்டு வெளியேறியது. ஆனால் ஸ்டிக்கீன் ஆற்றின் மேற்பகுதியில் தங்கம் தேடிப் போகிறவர்களும் வருகிறவர்களும் ரேங்கலில்தான் தங்கினார்கள். சாராயம் இருந்தது, பணம் இருந்தது, சட்டம் இல்லை. அலாஸ்காவுக்கு ஒரு குடிமை நிர்வாகம் கிடைத்ததே 1884இல்தான்.

திருச்சபை வரலாறுகள் இந்த ஊருக்கு நற்செய்தி கொண்டுவந்தவர் என்று ஷெல்டன் ஜாக்சனைச் சொல்லும். குள்ளமான உருவம், சலிக்காத பயணி, நிதி திரட்டுவதில் வல்லவர். ஆனால் ஜாக்சன் 1877 ஆகஸ்டில் கப்பலிலிருந்து இறங்கியபோது அங்கே ஏற்கெனவே வழிபாடு நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் போர்ட் சிம்ப்சனிலிருந்து விறகு வெட்டும் வேலைக்கு வந்த சிம்ஷியன் பழங்குடி இளைஞர்கள் அதைத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் கிளா என்பவர், ஞானஸ்நானப் பெயர் பிலிப் மெக்கே, ஊரிலேயே தங்கிப் பள்ளியும் நடத்தினார். சாரா டிக்கின்சன் என்ற பழங்குடிப் பெண் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். பிறகு வந்த பிரசங்கிகளின் சொற்கள் அவர் வாய்வழியாகத்தான் திலிங்கித் மக்களின் காதுக்குப் போயின. கிளா அந்த ஆண்டு டிசம்பரிலேயே காசநோயால் இறந்துபோனார்.

ஜாக்சன் தன்னோடு ஒரு பெண்ணை அழைத்துவந்திருந்தார். அமண்டா மெக்ஃபார்லண்ட், வயது நாற்பதுகளின் நடுவில். நியூ மெக்சிகோவிலும் பிறகு நெஸ் பெர்ஸ் மக்களிடையேயும் ஊழியம் செய்த ஒரு போதகரின் மனைவி. முந்தைய ஆண்டுதான் கணவர் இறந்திருந்தார். போதகரின் மனைவி என்பது சம்பளம் இல்லாத முழுநேர வேலை. கணவர் இறந்தால் வேலையும் போய்விடும், இருந்த வீடும் போய்விடும். நம் ஊர்களிலும் மிஷன் வீட்டைக் காலி செய்துகொண்டு போன போதகர் மனைவிகளை நமக்குத் தெரியும். அமண்டா போக இடம் தேடிக்கொண்டிருந்தவர், அலாஸ்கா கிடைத்தது.

ஜாக்சன் அவரை ரேங்கலில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். பழைய நடனக் கூடம் ஒன்றில் பள்ளி நடந்தது. ஏறக்குறைய ஓராண்டு அமண்டாதான் அந்த ஊரில் எல்லாமும். பாடம் சொன்னார், ஞாயிறு ஆராதனை நடத்தினார், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார், இறந்தவர்களை அடக்கம் செய்தார், கணவன் மனைவி சண்டையைத் தீர்த்துவைத்தார். 1878 தொடக்கத்தில் ஊருக்கென்று சில விதிகள் வகுக்கப் பழங்குடித் தலைவர்கள் கூடியபோது, அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கவும் அவரையே அழைத்தார்கள். அதே காலத்தில் அவருடைய சொந்தத் திருச்சபையில் ஒரு பெண் பிரசங்க பீடத்தில் ஏறினால் விசாரணை நடந்தது. எவரும் வரத் தயங்கிய இடத்தில் பெண் எல்லா வேலையும் செய்யலாம். வரத் தகுந்த இடமாக அது மாறியதும் பட்டம் பெற்றவர் வந்துவிடுவார். 1878 கோடையில் எஸ். ஹால் யங் என்ற இளம் போதகர் வந்தார். 1879 ஆகஸ்டில் சபை முறைப்படி அமைக்கப்பட்டது. அமெரிக்காவின் கைக்கு வந்த அலாஸ்காவில் அமைக்கப்பட்ட முதல் புராட்டஸ்டண்ட் சபை என்று அதைச் சொல்கிறார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். நிறுவிய போதகர் என்ற இடத்தில் யங்கின் பெயர் இருக்கிறது.

தனியாக விடப்பட்ட அமண்டாவை ஜாக்சன் மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் போய், சுரங்கக்காரர்களுக்கு நடுவே ஒரு பெண் கட்டடம் இல்லாமல், புத்தகம் இல்லாமல், காசில்லாமல் நிற்கிறார் என்று பேசினார். பெண்கள் கூட்டங்களில் அந்தப் பேச்சு வேலை செய்தது. 1878இன் இறுதியில் நியூயார்க்கில் பிரஸ்பிட்டேரியன் பெண்கள் தங்களுக்கென்று ஒரு நிர்வாகக் குழுவை அமைத்தார்கள். போதகர்களுக்குச் சம்பளம் தரும் ஆண்களின் வாரியம் பள்ளி ஆசிரியைகளுக்குச் செலவிடத் தயங்கியது. அந்தச் செலவைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். வீட்டு அலமாரியில் சிறு காணிக்கைப் பெட்டி வைத்து, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த சில்லறையைப் போட்டுச் சேர்த்த பணம் அது.

இதைப் படிக்கும்போது எனக்கு ஆச்சியின் நினைவு வராமல் இருக்க வழியில்லை. எங்கள் சபையில் பிடியரிசி எடுக்கும் வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு பானையில் போட்டுவைப்பார்கள். ஆச்சி வாரம் ஒரு நாள் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாகப் போய் அதை வாங்கிவந்து, விற்று, பணத்தைக் கமிட்டியிடம் கொடுப்பார். கோயில் மணிக்கூண்டு அந்த அரிசியில் எழும்பியது. அஸ்திவாரக் கல்லில் குருவானவர் பெயரும் கமிட்டி ஆண்களின் பெயர்களும் இருக்கின்றன. "எம்பேரு எதுக்குட்டி? அந்த அரிசி எல்லா வீட்டு அரிசியும்லா" என்று ஆச்சி ஒருமுறை சொன்னார். அதை அடக்கம் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். அரிசி கொடுத்த எல்லாப் பெண்களின் பெயரும் வேண்டும் என்ற கணக்கு அதற்குள் இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

இதோடு நிறுத்தினால் இது பெண்களின் உழைப்பை ஆண்கள் மறைத்த கதையாக மட்டும் முடிந்துவிடும். ரேங்கல் அவ்வளவு எளிதாக முடிய விடுவதில்லை.

அமண்டா 1878இல் சிறுமிகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். சுரங்கக்காரர்களிடம் பெண் பிள்ளைகள் காசுக்குப் போகிறார்கள் என்று அவருடைய கடிதங்கள் பதறுகின்றன. அந்தப் பதற்றம் பொய்யில்லை. இல்லத்துக்குள் ஓடிவந்து தப்பிய பெண்கள் உண்டு. ஆனால் அந்த இல்லத்தின் கதவுக்குள் நுழைந்தவள் வேறு ஒன்றை வாசலிலேயே விட வேண்டியிருந்தது. திலிங்கித் சமூகம் தாய்வழிச் சமூகம். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். பெயரும் குலச் சின்னமும் உரிமையும் தாயின் வழியாகவே வரும். பையனை வளர்த்து ஆளாக்குவது தாய்மாமனின் கடமை. பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் குலவீடுகள் இருந்தன. அந்தச் சமூகத்தில் அடிமைகள் இருந்தார்கள், சூனியக்காரி என்று குற்றம் சாட்டிச் சித்திரவதை செய்வதும் நடந்தது. அதைப் பொற்காலமாக நான் வரையப் போவதில்லை. ஆனால் மிஷன் கொண்டுவந்த 'நாகரிக'க் குடும்பம் எது? கணவன் தலைவன், மனைவி அவன் பெயரைச் சூடியவள், பிள்ளைகள் தகப்பன் பெயரில். குலவீட்டைவிட்டு வெளியேறித் தனித்தனிக் குடும்பமாக வாழ்வதுதான் கிறிஸ்தவ வாழ்வு என்று போதித்தார்கள். தாயின் பெயரில் நின்ற ஒரு சமூகத்தில் தகப்பன் பெயரை எழுதவைத்த பதிவேட்டைப் பெண்களே, பெண்கள் சேர்த்த பணத்தில், திறந்துவைத்தார்கள்.

மொழியும் அப்படித்தான். திலிங்கித் மொழியைக் கற்று அதில் வேதத்தை மொழிபெயர்ப்பதா, ஆங்கிலத்தை மட்டும் கற்பிப்பதா என்ற கேள்வி வந்தபோது, பழைய மொழிகள் அவற்றின் மூடநம்பிக்கைகளோடு செத்துப்போகட்டும் என்று முடிவெடுத்ததாக யங் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் வெளிப்படையாகவே எழுதினார்.

இப்போது டில்லி பாலிடம் வரலாம். 1863இல் விக்டோரியாவில் பிறந்தவர். தகப்பன் ஹட்சன் பே கம்பெனியின் ஸ்காட்லாந்துக்காரர், தாய் திலிங்கித் பெண். தாய் காசநோயில் இறக்க, தாய்வழி உறவினர் வளர்த்தார்கள். சிறுவயதிலேயே திருமணம் பேசப்பட்டபோது மறுத்து, கடைசியில் அமண்டாவின் இல்லத்துக்கு வந்துசேர்ந்தார். அங்கே படித்தார், மொழிபெயர்ப்பாளரானார். 1882இல் லூயிஸ் பாலை மணந்தார். இருவரையும் மிஷன் கிளுக்வான் என்ற ஊருக்கு ஆசிரியர்களாக அனுப்பியது, பிறகு டொங்காஸுக்கு. 1886இன் இறுதியில் புதிய குடியிருப்புக்கு இடம் பார்க்கப் படகில் போன கணவர் திரும்பவில்லை. அவரோடு போன ஆசிரியர் சாமுவேல் சாக்ஸ்மனின் பெயரில் இன்று ஓர் ஊர் இருக்கிறது. டில்லிக்குக் கையில் இரண்டு குழந்தைகள், வயிற்றில் மூன்றாவது. வயது 23.

அவர் சிட்காவில் மிஷன் பயிற்சிப் பள்ளிக்கு வேலைக்குப் போனார். தையல் கற்பித்தார், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார், பிரசங்கங்களை மொழிபெயர்த்தார். இதற்கெல்லாம் நடுவே அவர் செய்த ஒரு காரியம் என்னை மீண்டும் மீண்டும் இழுக்கிறது. பிரான்சஸ் வில்லார்டு என்ற இன்னொரு திலிங்கித் பெண்ணோடு சேர்ந்து, திலிங்கித் மொழிக்கு எழுத்துமுறை அமைக்கவும் சொற்களைத் தொகுக்கவும் முயன்றார். ஞானப்பாட்டுகளைத் திலிங்கித்தில் மொழிபெயர்த்தார். செத்துப்போகட்டும் என்று போதகர் முடிவெடுத்த மொழியை, அதே மிஷனின் சம்பளத்தில் இருந்துகொண்டு, அதே மிஷனின் பாட்டுகளுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றினார். இதை எதிர்ப்பு என்று அவர் ஒருபோதும் அழைத்திருக்க மாட்டார். கர்த்தரை என் ஜனங்கள் தங்கள் வாயால் பாட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். பாடுகிற தாயிடமிருந்து பிள்ளைக்கு மொழி போகும் என்பது எழுதப்படாமலே நடக்கிற காரியம்.

பிறகு அவர் ரேங்கலுக்கே திரும்பினார், மறுமணம் செய்துகொண்டார், சபையில் மொழிபெயர்ப்பாளராகத் தொடர்ந்தார். அலாஸ்காவின் சட்டமன்றம் 1913இல், தன் முதல் கூட்டத்தொடரிலேயே, பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. பெண்ணிய வரலாற்று நூல்களில் இது பெருமையோடு வரும். ஆனால் அங்கே 'பெண்கள்' என்றால் குடிமக்களான பெண்கள். டில்லியைப் போன்றவர்களின் குடியுரிமையே கேள்விக்குள் இருந்தது. 1915இல் வந்த சட்டம், பழங்குடியினர் தங்கள் 'நாகரிக' வாழ்வுக்கு ஐந்து வெள்ளையர்களின் சான்று காட்டினால் குடிமகன் ஆகலாம் என்றது. 1922இல் சார்லி ஜோன்ஸ் என்ற உறவினர் வாக்களிக்கப் போனபோது தடுத்தார்கள். அவருக்கு உரிமை உண்டு என்று டில்லி கூடவே நின்று பேசினார். இருவரும் கைதானார்கள். குடிமகன் அல்லாத இந்தியனை வாக்களிக்கத் தூண்டினார் என்பது அறுபதை நெருங்கிய அந்தப் பெண்மீது குற்றச்சாட்டு. வழக்கறிஞராகியிருந்த மகன் வில்லியம் பால் வாதாடினார். விடுதலை கிடைத்தது. 1924இல் பழங்குடியினர் அனைவரையும் குடிமக்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு வில்லியம் அலாஸ்கா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பழங்குடி உறுப்பினரானார்.

இத்தனைக்கும் பிறகுதான் 1931.

பெண்ணிய மாணவிகளோடு இந்தக் கதையைப் பேசும்போது இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். அந்த மிஷன் அவளை விடுவித்ததா, பறித்ததா? அவள் ஏன் அங்கேயே இருந்தாள்? இரண்டாவது கேள்விக்குப் பின்னால் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. விழித்துக்கொண்ட பெண் வெளியேறியாக வேண்டும் என்று. என் குடும்பத்துப் பெண்கள் யாரும் சபையைவிட்டு வெளியேறவில்லை. அவர்கள் விழிக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. கமிட்டி ஆண்களைப் பற்றி அடுப்படியில் அவர்கள் பேசியதை எழுதினால் எந்தப் பதிப்பகமும் போடாது. அவர்களுக்குப் படிப்பு கொடுத்தது அந்தச் சபை, ஒன்றுகூட இடம் கொடுத்தது, வீட்டைவிட்டு வெளியே போக ஊர் ஒத்துக்கொள்ளும் ஒரு காரணத்தைக் கொடுத்தது. வாக்கை மட்டும் கொடுக்கவில்லை. டில்லியும் அந்த வீட்டில் தன் பங்கைக் கேட்டுக்கொண்டே தங்கியவர். முதல் கேள்விக்கு, இரண்டும் நடந்தது, இரண்டும் ஒரே கையால் நடந்தது என்பதைத் தாண்டி எனக்குப் பதில் தெரியாது. அமண்டாவின் தைரியத்தை மதிக்கிறேன். அவர் கையெழுத்திட்ட பதிவேடுகளில் தாயின் குலத்துக்கு இடமில்லாமல் போனதையும் சேர்த்தே படிக்கிறேன்.

அமெரிக்காவில் அந்தத் திருச்சபை ஒரு பெண்ணைப் போதகராக அபிஷேகம் செய்தது 1956இல். 2016இல் அதன் பொதுப் பேரவை அமெரிக்கப் பழங்குடியினரிடமும் அலாஸ்காப் பழங்குடியினரிடமும் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. ஜூனோ நகரில் திலிங்கித் போதகர் வால்டர் சோபோலெஃப் வளர்த்த சபையை 1960களின் தொடக்கத்தில் மூடியதற்காக 2023இல் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்கள். டில்லி பால் 1952இலேயே இறந்துவிட்டார். எந்த மன்னிப்பும் அவர் காதில் விழவில்லை.

மூப்பரானவுடன் அவர் கலந்துகொண்ட முதல் கூட்டத்தை நான் பலமுறை கற்பனை செய்திருக்கிறேன். கூட்டத்தின் பொருள் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது: விறகுச் செலவு, கூரை ஒழுக்கு, ஞாயிறு பள்ளிக்குப் பாடப்புத்தகம். ஐம்பது ஆண்டுகள் அந்த அறையில் மற்றவர்கள் சொன்னதை மொழிபெயர்த்தவர் அவர். பேசி முடித்ததும் வாக்கெடுப்புக்குக் கை உயர்த்தச் சொல்கிறார்கள். இந்தமுறை மொழிபெயர்க்க எதுவும் இல்லை. டில்லி கையை உயர்த்துகிறார். யாரோ ஒருவர் அதையும் எண்ணிக் குறித்துக்கொள்கிறார்.